அடிவாங்கவாவது கொஞ்சம் நேரம் கொடுங்கப்பா!

"டபிள்யூடபிள்யூஈ இப்போ பார்க்க ஆரம்பிக்கலாமா? இன்னும் வெளிநாட்டுக்காரன்னா வில்லன்தானா?" என்று நண்பர் கேட்டார். அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியான அதற்கு நெடுநாள் ரசிகன் நான். யார் ஜெயிப்பது என்று முன்பே எழுதி வைத்துத்தான் ஆடுகிறார்கள், அது ஊருக்கே தெரியும். என் எரிச்சலே அங்கேதான் ஆரம்பம். அங்கே ஒருவர் தோற்றால் அது விதி இல்லை. யாரோ அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 பிப்ரவரியில் ரா என்ற வாராந்திர நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. ரசிகர்கள் ட்விட்டரில் கொதித்தார்கள். அன்றைக்குப் பெண்களுக்கான பெல்ட்டில் பட்டாம்பூச்சி படம் வேறு! அடுத்த வருடம் அந்தப் பட்டாம்பூச்சி போனது. 2019இல், வருடத்தின் பெரிய விழாவான ரெஸில்மேனியாவில் முக்கியமான கடைசி ஆட்டமே பெண்களுடையது. 2021இல் அதே விழாவின் முதல் நாள் இரவில் கடைசி ஆட்டம் சாஷா பேங்க்ஸ், பியாங்கா பெலேர் என்ற இரு கறுப்பினப் பெண்களுக்கு. மணி அடிக்கும் முன்பே பியாங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தன் நீளச் சடையைச் சாட்டையாய்ச் சுழற்றி சாஷாவின் விலாவில் ஒன்று விட்டார் பாருங்கள், அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. தோல் தடித்துச் சிவந்தது திரையிலேயே தெரிந்தது. எழுதி வைத்த ஆட்டமாம்! அந்தத் தடிப்பை எந்தப் புண்ணியவான் எழுதினான்?

ஆண்கள் பக்கம் வந்தால் ஊர்ப்பெயர் கூத்து. அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரரை உகாண்டாவின் கமாலா என்று ஆடவிட்டார்கள். சமோவா வம்சாவளி அமெரிக்கர் ஜப்பானியச் சுமோ வீரர் யோகோசுனா ஆனார். இத்தாலிய வம்சாவளிக்காரர் அரபு அமெரிக்கர் முகமது ஹசனாக வந்தார். 2005 லண்டன் குண்டுவெடிப்பு நாளன்று அவருடைய ஆட்கள் பயங்கரவாதிகள்போல முகமூடியோடு வரும் காட்சி ஒளிபரப்பாகி, அந்தப் பாத்திரத்தையே ஊற்றி மூடினார்கள். 2017இல் கனடாவின் கால்கரியில் பிறந்த, இந்திய வம்சாவளி ஜிந்தர் மஹாலுக்குப் பட்டம் கொடுத்தார்கள், சரி. ஆனால் அவர் வாயாலேயே ஜப்பானிய வீரர் நாகமுராவின் முகத்தைக் கிண்டலடிக்க வைத்தார்களே!

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோஃபி கிங்ஸ்டன் விஷயம்தான் ஆறவில்லை. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2008இல் வந்தபோது ஜமைக்காக்காரர் என்று சொல்லி, பேச்சையும் அதற்கேற்ப இழுக்க வைத்தார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொந்த முகத்தோடு 2019 ரெஸில்மேனியாவில் அப்போதைய சாம்பியன் டேனியல் பிரையனைத் தோற்கடித்தார். முஸ்தஃபா அலி என்ற வீரருக்குக் காயம் பட்டதால் திறந்த வழி அது. கூட்டம் விடாமல் கத்திக் கத்தி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மகன்கள் இருவரும் மேடையேறி வந்தார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் டபிள்யூடபிள்யூஈ சாம்பியன்.

அதே வருடம் அக்டோபர் 4. பட்டத்துக்கு எதிரே வந்தவர் ராட்சத உடம்புக்காரர் பிராக் லெஸ்னர். கோஃபியைத் தோளில் தூக்கினார், சுழற்றி எறிந்தார், எண்ணி முடித்தார்கள், பட்டம் போனது. பத்து விநாடிகூட ஆகவில்லை. லெஸ்னருக்கு அதே இரவில் கேன் வெலாஸ்கெஸ் என்று புது எதிரி வந்தாயிற்று. கோஃபிக்கு மறுமோதல் கிடையாது, கோபம் கிடையாது. பழைய கூட்டணியோடு சிரித்துக்கொண்டு திரும்பினார்.

லெஸ்னர் எல்லாரையும்தான் துவைத்தார் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2014இல் சம்மர்ஸ்லாம் என்ற இன்னொரு பெரிய விழாவில், நிறுவனத்தின் செல்லப்பிள்ளை ஜான் சீனாவையும் துணி துவைப்பதுபோலத் துவைத்தார். ஆனால் சீனா அடிவாங்கவே கால் மணி நேரம் ஒதுக்கினார்கள், அடுத்த மாதமே மறுமோதலும் வைத்தார்கள்.

ஆக, பெண்கள் பிரிவுக்கு நாலரை நட்சத்திரம், கண்ணை மூடிக்கொண்டு தரலாம். மொத்த நிகழ்ச்சிக்கு? நேற்றிரவு கோஃபி ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்துத் தொலைத்துவிட்டேன், அதனால் ஒன்றரை. போன வாரம் கேட்டிருந்தால் வேறு கணக்கு சொல்லியிருப்பேனோ என்னவோ. நண்பர் சந்தா கட்ட வேண்டாம். என்னுடையதை நான் நிறுத்தப்போவதில்லை.