58 பன்னா என்று சொல்லி 36 பன்னா அனுப்பினார்கள். ஆர்டர் கொடுத்துத் துணி நெய்ய வைப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

94,080 ரூபாய். நான் ஏமாந்த தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னா என்றால் துணியின் அகலம், இன்ச் கணக்கு. கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் ஆறு மிஷின் போட்டு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் சித்தூர். ரெண்டு பக்கமும் பழகியவள்தான், ஏமாறுகிற ஆள் இல்லை என்று போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று இந்த வருஷம் சட்டையை மாற்றியது. பச்சையும் வெள்ளையும் கட்டம், நடுவில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. 300 பிள்ளைகள், ஆளுக்கு ரெண்டு, மொத்தம் 600 சட்டை. அந்தக் கட்டம் கடையில் கிடைக்காது, நெய்யத்தான் வேண்டும். 58 இன்ச் பன்னா என்றால் சராசரியாகச் சட்டைக்கு ஒன்றேகால் மீட்டர், ஆக 750 மீட்டர் போதும். விசாரித்த இடத்திலெல்லாம் "58-ல கலர் கட்டம்னா 1500 மீட்டருக்குக் கீழ தறியில ஏத்த மாட்டோம்" என்றார்கள். அப்போதுதான் துணி மொத்த வியாபாரத்துக்கென்று இருக்கிற ஓர் ஆப்பில் இந்த ஆளைப் பிடித்தேன். ஆப் பெயரும் ஆள் பெயரும் எழுதவில்லை, கேட்காதீர்கள்.

"800 மீட்டர் போதும் அக்கா, நான் போட்டுத் தரேன்" என்றார். மீட்டர் 112. 800-க்கு 89,600, அஞ்சு சதவீத ஜிஎஸ்டி 4,480, மொத்தம் 94,080. பன்னா எவ்வளவு தம்பி என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், ரெண்டு தடவை கேட்டேன். "58 தான் அக்கா, இருங்க காட்டுறேன்" என்று ஒரு வீடியோ அனுப்பினார். துணியை விரித்து, மேலே மஞ்சள் டேப்பை வைத்து, விரலால் 58-ஐத் தொட்டுக் காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. "உங்க ஊரு கொழிஞ்சாம்பாறையா? என் மச்சினி வீடு மீனாட்சிபுரம்தான், திருவிழாவுக்கு வருஷா வருஷம் வருவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். என் வீட்டுக்காரர் "ஒரு நாள் பஸ் ஏறிப் போய்த் தறியைப் பார்த்துட்டு வா, ரெண்டு மணி நேரம்" என்றார். மச்சினி வீடு மீனாட்சிபுரத்தில் இருக்கும்போது எதற்கு பஸ் என்று அன்றைக்கே 47,040 அனுப்பினேன். துணி தயார் என்றதும் இன்னொரு 47,040.

பார்சல் ஆபீசிலிருந்து எட்டு உருட்டு வந்தது. எங்கள் கட்டிங் மேசை 60 இன்ச் அகலம். 58 துணியை விரித்தால் மேசை ஓரம்வரை போய் விளிம்பில் ஒரு இன்ச் பலகை மட்டும் தெரியும். மாஸ்டர் முதல் உருட்டைப் பிரித்து உதறினார். துணி மேசையில் பாதி தாண்டியதும் நின்றுவிட்டது. மடித்து வைத்திருக்கிறது என்று நினைத்து அவர் ஓரத்தை நகத்தால் பிரிக்கப் பார்க்கிறார். மடிப்பு இல்லை, கரைதான். டேப் வைத்தால் 36. எட்டு உருட்டும் 36. பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதில் இருப்பது நீலக் கட்டம். என் துணி பச்சை.

36-ல் கட்டம் பொருத்தி வெட்டினால் சட்டைக்கு ரெண்டு மீட்டர் போகிறது. 800 மீட்டரில் 400 சட்டை. 200 சட்டை குறைகிறது. பரப்பளவாகப் பார்த்தால் எனக்கு வந்தது 58 பன்னாவில் 497 மீட்டருக்குச் சமம். மீதி 303 மீட்டர் காற்றில் போய்விட்டது, காசு மட்டும் முழுசாகப் போயிருக்கிறது.

போன் போட்டால் முதல் நாள் பதில்: "மீட்டர் சரியா இருக்கா இல்லையா அக்கா?" ரெண்டாம் நாள், "ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்." மூன்றாம் நாள் அக்கா மேடம் ஆகிவிட்டது: "மேடம், கொட்டேஷன்ல பன்னா போடலையே." போய்ப் பார்த்தேன். 'செக்டு சர்ட்டிங், 800 மீட்டர், 112' என்றுதான் இருக்கிறது. பன்னா எழுத வேண்டிய இடம் காலி. ஆப்காரர்களோ, பில்லில் உள்ள அளவு வந்துவிட்டது, ஆர்டருக்கு நெய்த துணிக்குத் திருப்பி எடுப்பது கிடையாது என்று ஒரே பதிலை நாலு தடவை அனுப்பினார்கள்.

ஏன் இப்படிச் செய்தான் என்று முப்பது வருஷம் தறி ஓட்டிய ஒரு பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது உங்களுக்கு உபயோகப்படும். இன்ச்சுக்கு 60 இழை என்றால் 36 பன்னா பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) 2160 இழை, 58-க்கு 3480 இழை. ஒவ்வொன்றையும் விழுது (இழையைத் தூக்கி இறக்குகிற கண்ணி), அச்சு (சீப்பு மாதிரி இருப்பது) ரெண்டிலும் கோத்தாக வேண்டும். 100 மீட்டர் நெய்தாலும் அதே வேலை, 2000 மீட்டர் நெய்தாலும் அதே வேலை. அதனால் அகலமான பாவு ஏற்றினால் நீளமாக ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். இன்னும் பெரிய தறிகளில் ரெண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் நெய்வார்கள். 800 மீட்டர் பாவு ஓடினால் 1600 மீட்டர் துணி இறங்கும், அப்போது மினிமமே (குறைந்தபட்ச ஆர்டர்) இரட்டிப்பு. சாயத்தில் கணக்கு தலைகீழ். அங்கே கிலோதான் பேச்சு. பன்னா குறைந்தால் மீட்டருக்கு நூல் குறையும், சாயக்காரர் கேட்கிற கிலோவை எட்ட அதிக மீட்டர் நெய்ய வேண்டும். ஆக பன்னா பேசாமல் மினிமம் பேசுவதில் அர்த்தமே இல்லை.

என் ஆள் செய்தது சின்ன வேலை. 58-ல் 800 கட்டாது என்று தெரியும், ஆர்டரையும் விட மனசில்லை. பழைய சின்னத் தறியில் 36-ல் ஓட்டிவிட்டு 58 விலையைப் போட்டுவிட்டார். பரப்பளவுக் கணக்கில் அதற்கு மீட்டர் 70 ரூபாய்கூட வராது. "36 தான் முடியும் அக்கா" என்று முன்னாடியே சொல்லியிருந்தால் நானே 1200 மீட்டர் போட்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், எல்லாருக்கும் ஒரே துணி இல்லை என்றால் வேண்டாம் என்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஜூனில் பள்ளி திறக்கிறது. பாக்கி 200-க்கு மறுபடி நெய்தால் மறுபடி மினிமம், சாயமும் அதே பச்சையாக வராது. இன்னொரு பள்ளிக்கு விற்க முடியாத கட்டம் இது. 94,080-ல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நேரமில்லை. கொட்டேஷனில் பன்னாவை எழுத வையுங்கள், வாயால் சொன்னது செல்லாது. தறியில் இருக்கிற பன்னாவா, வாஷ் பண்ணி முடித்த பன்னாவா, கரை போக வெட்டக் கிடைப்பது எவ்வளவு என்று கேளுங்கள், தறியில் 63 இருப்பது முடிந்து வரும்போது 58 ஆகலாம். மினிமம் என்று சொன்னால் பாவு மீட்டரா, துணி மீட்டரா என்று கேளுங்கள். பாக்கிப் பணம் அனுப்பும் முன் உங்கள் துணியில், உங்கள் கலரில் டேப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மச்சினி வீடு எங்கே இருந்தாலும் பஸ் ஏறிப் போங்கள்.

வேலந்தாவளத்தில் தலையணை உறை தைக்கிற ஒருவர் துணியைப் பார்க்கிறேன் என்று நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மீட்டர் 30-க்குக் கேட்கிறார். ஒரு உருட்டை ஆட்டோவில் ஏற்ற வேண்டும், கிளம்புகிறேன்.