கவுண்டி நிதியா, ஐந்தாண்டு லெவியா, தனி நூலக மாவட்டமா? ஒரிகன் கணக்கு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு பொது நூலகத்துக்குப் பணம் வர முக்கியமாக மூன்று வழிகள். கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பொது நிதியில் ஒரு பங்கு வாங்கலாம். வாக்காளர் ஒப்புதலோடு ஐந்தாண்டு லெவி, அதாவது தற்காலிகக் கூடுதல் சொத்து வரி, போடலாம். இல்லையென்றால் நூலகத்துக்கென்றே எல்லை வகுத்து, சொத்து வரி விதிக்கும் உரிமையோடு தனி மாவட்டம் அமைக்கலாம். மூன்றாவதுதான் சரியான வழி என்பது என் வாதம்.

பொது நிதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காட்டு மரத்துக்கு ஈடாக ஒன்றிய அரசு தந்துவந்த பணம் 2006 முடிவில் நின்றதும், ஜாக்சன் கவுண்டி 2007 ஏப்ரலில் தன் 15 கிளை நூலகங்களையும் மூடிவிட்டது. ஷெரிஃப், சிறை, நூலகம் மூன்றும் ஒரே பையில் கைவிட்டால் நூலகம்தான் முதலில் வெறுங்கையோடு நிற்கும்.

லெவி அவ்வளவு மோசமில்லை. வாக்காளருக்கும் சம்மதிப்பது எளிது, ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்று தெரியும். அதுவேதான் சிக்கலும். நான்காம் ஆண்டிலேயே அடுத்த பிரச்சாரத்துக்கு ஆள் தேட வேண்டும், நிரந்தர ஊழியரை நம்பிக்கையோடு எடுக்க முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து கம்ப்ரெஷன், அதாவது உச்சவரம்பைத் தாண்டும் வரியை வெட்டுவது. 1990-இல் வந்த சட்டத் திருத்தப்படி, பள்ளி அல்லாத உள்ளாட்சி வரிகள் சேர்ந்து ஒரு சொத்தின் சந்தை மதிப்பில் 1,000 டாலருக்கு 10 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் வெட்டுப்படுவது லெவி. அது பூஜ்யமாகும் வரை வெட்டிய பிறகுதான் நிரந்தர வரிகளில் கைவைப்பார்கள். நூலகம் எந்தத் தவறும் செய்யாமல், நகரம் போட்ட இன்னொரு வரியாலேயே அதன் வருமானம் சுருங்கலாம். பல ஆண்டுகள் லெவியை நம்பியிருந்த மல்ட்னோமா கவுண்டி, 2012 நவம்பரில் 1,000 டாலர் மதிப்புக்கு 89 சென்ட் என்ற லெவியைக் கைவிட்டு, அதிகபட்சம் 1.24 டாலர் என்ற தனி மாவட்டத்துக்கு மாறியது.

தனி மாவட்டத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்: நிரந்தர வரி விகிதம். 1997-இல் வந்த திருத்தத்தின்படி, ஒருமுறை நிர்ணயித்த விகிதத்தை வாக்காளர்களே விரும்பினாலும் உயர்த்த முடியாது. வரி மதிப்பீடும், அதாவது வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பும், புதுக் கட்டடம் போன்றவை நீங்கலாக, ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வருகிறது, வீட்டு வரியைத் திருத்தினால் அதுவும் தானாக உயரும். ஒரிகனில் அந்த வசதி கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்கு. மொத்த வரி மதிப்பீடு 200 கோடி டாலர், விகிதம் 1,000-க்கு 40 சென்ட் என்றால் 8 லட்சம் டாலர். நவம்பர் 15-க்குள் முழுதாகக் கட்டுவோருக்கு 3 சதவீதத் தள்ளுபடி, போதாததற்கு நிலுவை வேறு. கையில் வருவது ஏழரை லட்சம் என்று வையுங்கள். முதலாண்டுச் செலவு 7 லட்சம், தாராளமாகத் தெரியும். ஆனால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்து செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பத்து ஆண்டில் செலவு 11.4 லட்சம், ஆண்டுக்கு 3 சதவீதமே ஏறும் வரவு 10.1 லட்சம். அப்போது வாசலைத் திறந்துவைக்க மறுபடி லெவி கேட்டுத்தான் நிற்க வேண்டும். எங்கிருந்து தப்பி வந்தோமோ அங்கேயே.

அதனால் விகிதத்தை இன்றைய செலவுக்கு அளவெடுக்காதீர்கள். பத்து, பதினைந்து ஆண்டு தள்ளி நின்று எண்ணைப் போடுங்கள். முழு விகிதத்தையும் வசூலித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. ஜாக்சன் வாக்காளர்கள் 2014 மே மாதத்தில் 60 சென்ட் வரை அனுமதித்தார்கள், மாவட்டம் 52 சென்ட்தான் விதித்தது. அந்த 8 சென்ட் இடைவெளிதான் உண்மையான சேமிப்பு.

மறுபக்கமும் உண்டு. எண் பெரிதானால் வாக்கு விழாது. ஹூட் ரிவர் கவுண்டியில் 2010 மே மாதம் 70 சென்ட் கேட்டார்கள், தோற்றது, ஜூலையில் நூலகம் மூடப்பட்டது. நவம்பரில் 39 சென்ட் கேட்டு வென்றார்கள். எண் சிறிதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. டக்ளஸ் கவுண்டியில் 2016 நவம்பரில் 44 சென்ட்கூடத் தோற்றது, அடுத்த ஆண்டே கவுண்டி தன் நூலகங்களை மூடியது. எங்கே கோடு போடுகிறோம் என்பதும் கணக்கில் வரும். ஜோசபைன் கவுண்டியில் 2017-இல் வென்ற மாவட்டம் கவுண்டி முழுவதையும் உள்ளடக்கவில்லை, வெளியே இருப்போர் கட்டணம் கட்டி அட்டை வாங்குகிறார்கள். ஆதரவு இருக்கும் பகுதிக்குள் எல்லையைச் சுருக்கினால் வாக்கு கூடும், வரித்தளம் குறையும். எல்லைக்குள் வரும் ஒவ்வொரு நகரமும் மன்றத் தீர்மானம் போட்டுச் சம்மதிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வருமானம் நிறைந்த நகராட்சி ஏற்கெனவே நூலகத்தை நன்றாக நடத்துகிறது என்றால், அங்கே மாவட்டத்துக்கு அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாட்காட்டியில் சறுக்குபவர்களும் உண்டு. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும், வரிப்பணம் நவம்பரில்தான் வரும். இடையில் நான்கு மாதத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கையிருப்போ கடனோ வேண்டும். மே தேர்தலில் வென்று அதே நவம்பரில் பணம் வர வேண்டுமானால், எல்லை வரைபடமும் விவரிப்பும் மார்ச் 31-க்குள் கவுண்டியின் வரி மதிப்பீட்டாளரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் வெற்றி கையில் இருந்தும் ஒரு வருட வரி போய்விடும்.