ஊர் வக்கீலா, இலவச சட்ட உதவியா?

கடன் வாங்கியவர் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆகிவிட்டதா? யோசிக்காமல் ஊர் வக்கீலிடம் போங்கள். செக் திரும்பியதாகச் சொல்லும் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் கடன் வாங்கியவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது அவருக்குக் கிடைத்ததிலிருந்து பணம் தர 15 நாள் அவகாசம், அப்படியும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தக் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் தலைவலிதான். பீஸை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள், நோட்டீஸுக்கு எவ்வளவு, கேஸுக்கு எவ்வளவு என்று.

வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுக்கிறார் என்றால், என் ஓட்டு இலவச சட்ட உதவிக்கு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், கேஸ் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீலே இலவசம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது (இது ஏன் யாருக்கும் தெரிவதில்லையோ!). சட்ட உதவிக்கான போன் நம்பர் 15100.

சிக்கல் என்னவென்றால், ஓனர் சம்மதிக்காவிட்டால் அங்கே தீர்ப்பு வராது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கு மேல் அப்பீலும் கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான்.