ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் தமிழ்99: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

நான் தினமும் தட்டுவது ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில்தான். பின்பக்கச் சீட்டில் தயாரிப்பு ஆண்டு 1990 என்று இருக்கிறது. எடை இரண்டு கிலோவைத் தாண்டும். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் மேசையில் இம்மிகூட நகராது.

இதன் விசேஷம் விசைகளுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்தான். அழுத்த அழுத்தச் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கிவிடும். அப்போது அடியிலுள்ள சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் சாய்ந்து, அதன் கீழே இருக்கும் மெம்பிரேன் என்ற, மின்சுற்று அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை அழுத்தும், எழுத்து பதியும். இப்போது கிடைக்கும் பல 'புளூ ஸ்விட்ச்' கீபோர்டுகளில் சத்தம் எழுப்பவென்றே தனி உறுப்பு இருக்கிறது. இதில் 'டக்' என்று ஒலிப்பதும் எழுத்தைப் பதியவைப்பதும் அதே ஸ்பிரிங்.

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டுபவர்களுக்கு இதனால் பெரிய வசதி. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, புள்ளி என ஐந்தே தட்டல்கள். நம் மொழியில் இப்படி இரட்டிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கொழகொழ ரப்பர் கீபோர்டில் இரண்டாவது 'க' பதிந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். இதில் விரலே சொல்லிவிடும்.

மாடல் எம் வந்தது 1985இல். ஃபங்ஷன் விசைகள் மேல் வரிசையில், அம்புக்குறிகள் தலைகீழ் 'டி' வடிவில் என்று நாம் இன்று வைத்திருக்கும் அமைப்பைப் பரவலாக்கியது இதன் 101 விசை வடிவம்தான். அடித்தகடு வளைவாக இருப்பதால் எழுத்து விசைகளின் மூடிகள் எல்லாம் ஒரே வடிவம், எதை எங்கே வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம். தமிழ் ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று கேட்பார்கள். அந்த மூடிகளின் சொரசொரப்பை மூட எனக்கு மனசு வரவில்லை.

சரி, குறைகள். சத்தம் அதிகம், வீட்டில் யாராவது தூங்கினால் வேறு கீபோர்டுதான். விண்டோஸ் விசை கிடையாது, மொழி மாற்ற ஆல்ட்‑ஷிஃப்ட். பல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில பதியாது, ஆகவே கேம் ஆடுபவர்களுக்கு ஒத்துவராது. பழைய பிஎஸ்2 முனையை யூஎஸ்பியில் செருக, சிப் உள்ள கன்வெர்ட்டரே வாங்குங்கள். வெறும் முனை மாற்றி போதாது.

பழையது வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ரிவெட். உள்ளே இரும்புத் தகட்டையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் பிடித்திருப்பவை உருக்கிய பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் ஒவ்வொன்றாக உடைந்து விழும், அழுத்தமும் மந்தமாகும். மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். துளையிட்டு போல்ட் போட்டால் சரியாகிவிடும், ஆனால் பொறுமை வேண்டும்.

அந்த வேலையெல்லாம் ஆகாது என்பவர்களுக்கு, அமெரிக்காவின் கென்டக்கியில் யூனிகாம்ப் நிறுவனம் இதே ஸ்பிரிங் முறையில் யூஎஸ்பி, விண்டோஸ் விசையோடு புதிதாகவே செய்து விற்கிறது. இந்த எடைக்குக் கூரியர், சுங்கம் எவ்வளவு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.