கையால் ரேஞ்ச் மாற்றும் மீட்டரா, ஆட்டோ ரேஞ்ச் மீட்டரா?

வோல்ட், ஆம்பியர் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரில், ரேஞ்சை (அளக்கும் உச்ச எல்லையை) கையால் மாற்றும் வகை விலை குறைவு. ஆனால் 9 வோல்ட் பேட்டரியைச் சோதிக்க டயலை 20 வோல்ட் ரேஞ்சுக்குத் திருப்ப வேண்டும். 2 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் தெரியும். பழகாதவர் மீட்டரே கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும்; வோல்ட் அளக்க ஏசியா டிசியா என்று மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். அளவு நிலைக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

சரி, எதை எடுத்தாலும் மின்னோட்டம் அளக்க வயர் செருகும் 10 ஆம்பியர் துளையைப் பாருங்கள். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அதற்கு ஃப்யூஸே கிடையாது. சிவப்பு வயரை அதில் செருகியபடி பிளக் பாயிண்ட்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட், கையிலேயே வெடிக்கலாம். ஃப்யூஸ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.