ரியல் டிவைஸ் என்று காசு வாங்கிக்கொண்டு எமுலேட்டரைத் தருகிறார்கள்: க்ளவுட் டெஸ்டிங் சந்தா எடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

2,400 டாலர். ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொண்டவர்கள், ரீஃபண்ட் கிடையாது என்று இன்று காலை மெயில் அனுப்பிவிட்டார்கள். கேட்டது நிஜ போன், தந்தது எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் போன் போல நடிக்கும் மென்பொருள். மொபைல் ஆப் டெஸ்டிங்குக்கு க்ளவுட் சேவை, அதாவது இணையம் வழியாகப் போன்களை வாடகைக்குத் தரும் சேவை, தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

கேமராவில் பார்கோடு ஸ்கேன் செய்வதுதான் எங்கள் ஆப்பின் உயிர். பயன்படுத்துகிறவர்களில் நிறையப் பேரிடம் இருப்பது விலை குறைந்த, பழைய ஆண்ட்ராய்டு போன். அந்த ரகப் போன்களில் சிப் 64 பிட்டாக இருந்தாலும் உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்டாக இருப்பது சகஜம். ஸ்கேன் வேலையைச் செய்யும் லைப்ரரியின் (ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) 32 பிட் ஆர்ம் வடிவம்தான் அங்கே ஓடும்; ஆர்ம் என்பது போன்களில் இருக்கும் சிப் வகை. அதே ரகப் போனில் ஓட்டிப் பார்க்காமல் வெளியிடுவது ஆபத்து. அத்தனை மாடலையும் வாங்கி அடுக்க எங்களைப் போன்ற சின்ன டீமுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காகத்தானே க்ளவுடுக்குப் போனோம்!

டெமோவில் பேசிய விற்பனையாளர் மிகவும் பொறுமையாகப் பேசினார். "உங்க லிஸ்ட்ல இருக்கிற எல்லா மாடலும் எங்ககிட்ட இருக்கு சார், எல்லாமே நிஜ போன்தான்" என்றார். கேமராவைத் திருப்பி, ரேக்கில் வரிசையாக யுஎஸ்பி கேபிள் செருகியிருந்த போன்களைக் காட்டினார். ட்ரையலில் கேட்ட மாடலே வந்தது, அதுவும் நிஜ போன்தான். ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் அப்பியம் கருவிக்கு நாங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகள் ஒரு வரி மாற்றாமல் ஓடின. இதற்கு மேல் என்ன வேண்டும்? பணத்தைக் கட்டினோம்.

அடுத்த ரிலீஸில் க்ளவுடில் எல்லா டெஸ்டும் பச்சை. வெளியிட்ட அன்றே ஸ்கேன் பட்டனைத் தொட்டால் ஆப் மூடிக்கொள்கிறது என்று புகார் குவிந்தது. 32 பிட் போன்களில் மட்டும். அதே மாடலை க்ளவுடில் எடுத்தால் மறுபடியும் பச்சை! சந்தேகம் வந்து, சாதனத்தின் ஹார்டுவேர் பெயரையும் அது ஏற்கும் சிபியு வகைகளையும் ஆப்பே லாக்கில் எழுதும்படி செய்தேன். மாடல் பெயர் நாங்கள் கேட்டதுதான். ஆனால் ஹார்டுவேர் 'ரான்ச்சு', சிபியு 'எக்ஸ்86_64', அதாவது வழக்கமாகக் கம்ப்யூட்டரில் இருக்கும் சிப் வகை. ஆண்ட்ராய்டு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்: ரான்ச்சு என்பது எமுலேட்டரின் பெயர். மாடல் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் 32 பிட் ஆர்ம் லைப்ரரி அங்கே ஒருமுறைகூட ஏறவே இல்லை. கேமராவில் தெரிந்ததும் செயற்கைக் காட்சி. எமுலேட்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, திரை அமைப்பைச் சரிபார்க்க அது நல்ல கருவி. நிஜ போன் விலைக்கு அதை விற்றதுதான் திருட்டு.

சப்போர்ட்டில் முதலில், ஸ்கிரிப்டில் காத்திருப்பு நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன். பிறகு வேறு ஒருவர் வந்து, ஆப்பை மறுபடி அப்லோடு செய்யச் சொன்னார். செய்தேன். லாக்கை அப்படியே அனுப்பியதும், "அந்த மாடல் பராமரிப்பில் உள்ளது, அதற்கு இணையான சாதனம் ஒதுக்கப்பட்டது" என்று பதில். எதற்கு எது இணை? நிஜ போனுக்கு எமுலேட்டரா? கேட்டு எழுதிய டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். அத்தனை இனிமையாகப் பேசிய விற்பனையாளர் இப்போது பதிலே போடுவதில்லை. கடைசியாக வந்ததுதான் அந்த மெயில்: சேவையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் 2,400 டாலரில் ஒரு பைசா திரும்பாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. இதையாவது செய்யுங்கள். ஹார்டுவேர் பெயர், சிபியு வகை இரண்டையும் ஆப்பிலிருந்தே லாக் செய்யுங்கள், ட்ரையலில் மட்டுமல்ல, ஒவ்வொரு ஓட்டத்திலும். எமுலேட்டர் என்று தெரிந்தால் டெஸ்டே தோல்வியாகும்படி வையுங்கள். 'இணையான சாதனம்' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடி எவ்வளவு தந்தாலும் வருஷச் சந்தா வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள். கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் புகார் கொடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நானும் அந்தப் படிவத்தைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.