தென்னை காய்க்க ஏழு வருஷம், பி.இ. முடிக்க நாலு வருஷம்: எந்த உதவி தாங்கும்?

2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரம் ஒன்றுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 1,100 ரூபாய். மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500. புதுக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம், சில இடத்தில் ஏழுகூட ஆகும். அந்த வருஷம் பி.இ. சேர்ந்த பிள்ளை 2022-இல் வெளியே வந்துவிடும். தோப்பு அதற்குள் பழைய வரும்படிக்குத் திரும்பியிருக்காது. அதனால் புயலில் தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குத் தரும் எந்த உதவியையும் தொகையை வைத்து மட்டும் எடைபோட முடியாது. எப்போது கைக்கு வருகிறது, எத்தனை வருஷம் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

வேகத்தில் ரொக்கத்தை எதுவும் முந்தாது. ஆனால் பணம் வீட்டுக்குப் போனால் கூரைக்குத்தான் போகும், அது தப்பும் இல்லை; பிள்ளையின் விடுதி மெஸ் பில் மட்டும் அப்படியே நிற்கும். நவம்பர், டிசம்பர் என்றால் செமஸ்டர் தேர்வு நேரம் வேறு. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த நிலையில் விட்ட ஒரு பேப்பர் அரியராக நின்றால், கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகள் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணமும், அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குக் கொஞ்சம் அவகாசமும் ஒரு வேலையைக் காப்பாற்றுவது இப்படித்தான். அவகாசம் கொடுக்கக் கல்லூரிக்குப் பெரிய செலவும் இல்லை. ஆகவே ரொக்கம் தருகிறவர்கள் அதை நேராக மெஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கட்டிவிடுவது நல்லது.

அடுத்தது கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். 2022-இல் முடித்தவருக்கு 2023-இல் தவணை தொடங்கும், அதாவது புதுக் கன்று காய்க்காத வருஷத்திலேயே. வீட்டில் ஏற்கெனவே பயிர்க்கடன் நிற்கும்போது இன்னொரு கடனுக்குக் கையெழுத்துப் போட அப்பாவைக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழியே இல்லாதபோது எடுக்கலாம்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணத்தில் தமிழக அரசு தரும் முதல் பட்டதாரி சலுகை கடனைவிட மேல். திருப்பிக் கட்ட வேண்டாம், நாலு வருஷமும் வரும். ஆனால் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும், அக்கா ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. விடுதி, சாப்பாட்டுச் செலவு அதில் அடங்காது. பொறியியல் சேர்க்கையில் 2021-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்த ஓட்டையை அடைத்தது: அதில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கஜா பேட்ச் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

அறிவியல் பக்கம் கதை வேறு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய தொகை. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணில் முதல் ஒரு சதவீதத்துக்குள், அல்லது ஜே.இ.இ., நீட் போன்ற நுழைவுத் தேர்வில் முன்வரிசையில் வந்திருக்க வேண்டும். வீட்டில் வறுமை எவ்வளவு, புயல் என்ன செய்தது என்று அது பார்ப்பதில்லை. மன்னார்குடியிலோ ஒரத்தநாட்டிலோ அரசு கலைக் கல்லூரியில் சுமாரான மார்க்கோடு படிக்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் ஒரு சுமையே இல்லை, தினசரிச் செலவுதான் சுமை. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் தரும் மாதம் 1,000 ரூபாய் இங்கேதான் பொருந்துகிறது. தொகை சிறிசு, ஆனால் மாதம் தவறாமல் வந்தால் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

கட்டணத்தோடு வழிகாட்டுதலும் தருவது அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் போன்ற முயற்சிகள். தேர்வில் தோற்றால் யாரிடம் பேசுவது என்று தெரியாத பிள்ளைக்குப் பணத்தைவிட இது பெரிசு என்றுகூடச் சொல்வேன். இதற்கும் வாசல் பிளஸ் டூ முடிந்ததும்தான்.

கவனித்தால் நீண்ட கால உதவி பெரும்பாலானவற்றுக்கும் இதே சிக்கல்தான். சேர்க்கையின்போதே திறந்து மூடுகின்றன. புயலோ நவம்பரில் வருகிறது. ஜூலையில் வாங்கிய வருமானச் சான்றிதழில், புயலுக்கு முன்னால் நின்றிருந்த தோப்பின் வருமானம்தான் இருக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் குடும்ப வருமானம் திடீரென்று விழுந்தால், உதவித்தொகை அலுவலரே கணக்கைத் திருத்தி எழுத அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. புயலடித்த தாலுகாக்களுக்கு மட்டுமாவது இங்கே அப்படி ஓர் ஏற்பாடு வந்தால், வேறு புதுத் திட்டமே தேவைப்படாது.

அதுவரை, ஒரு முன்னாள் மாணவர் குழுவிடம் ஒரு லட்சம் இருந்தால் பத்துப் பேருக்குப் பத்தாயிரமாகப் பிரிக்க வேண்டாம் என்பேன். இரண்டு பேரை எடுத்துக்கொண்டு, டிகிரி முடியும்வரை மெஸ்ஸையும் தேர்வுக் கட்டணத்தையும் கட்டலாம். அந்த இரண்டு பேரும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிப்பவர்களாக இருக்கட்டும்; முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தட்டிப் பார்க்க வேறு கதவுகள் உண்டு.